பதிமூன்றாம் நம்பர் மோதிரம்

அந்த நகைக்கடையின் நான்காவது கவுண்டரில் நிற்கும் அம்மாளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. முதலாளி முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் விரலக்கா. முதலாளி அவரைவிட எட்டு வயது மூத்தவர். அவருக்கும் அக்காதான்.

கையைக் குலுக்கினால் போதும், எதிரே நிற்பவரின் மோதிர அளவைச் சொல்லிவிடுவார். "வாங்க, உக்காருங்க" என்று கை நீட்டுவார், கையை விடும்போது "பதினஞ்சு" என்பார். வந்தவர் விழிப்பார். பிறகு அளவு வளையங்களின் கொத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தால் பதினைந்துதான் இருக்கும். இதை வைத்து முதலாளிக்கும் அவருக்கும் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டே இருந்தது. விரலக்கா சொன்னது சரியென்றால் முதலாளி டீ வாங்கித் தர வேண்டும், தப்பென்றால் விரலக்கா கடை முழுவதற்கும் வாங்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் விரலக்கா தோற்றது மூன்றே முறை. ஒன்று தேனீ கொட்டிய விரல், இன்னொன்று எட்டு மாதக் கர்ப்பிணியின் விரல். இவை இரண்டையும் அவர் தோல்வியாக ஒத்துக்கொள்வதில்லை. "தேனீ கொட்டினதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்பார். மூன்றாவதை மட்டும் ஒத்துக்கொள்கிறார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நிச்சயத்துக்கு மோதிரம் வாங்க ஆண்கள் பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்கள். பெண்ணுக்குத் தெரியாமல் வாங்க வேண்டும், ஆனால் பெண்ணின் விரல் அளவு வேண்டும். அதற்காக அவர்கள் செய்யும் கூத்துகளை விரலக்கா ஒரு புத்தகமாகவே எழுதலாம். ஒருவர் நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார், வழியில் நூல் நனைந்து சுருங்கியிருந்தது. இன்னொருவர் பெண்ணின் கையுறையைத் திருடிக்கொண்டு வந்தார். ஒரு மனிதர் குளிக்கும் சோப்பில் அந்தப் பெண்ணின் விரலை ஏதோ விளையாட்டு போல அழுத்த வைத்து, அந்தச் சோப்பைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். கவுண்டர் முழுக்க ஒரு வாரம் மணந்தது. தன் சுண்டுவிரலைக் காட்டி "கிட்டத்தட்ட இந்த மாதிரிதான் இருக்கும்" என்றவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது.

எல்லோருக்கும் விரலக்கா ஒரே பாடத்தைத்தான் சொல்வார். காலையில் அளக்காதே, விரல் அப்போது ஒல்லியாக இருக்கும். குளிரில் அளக்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, மோதிரம் உட்காரும் இடத்தைப் பார்த்து ஏமாறாதே, அது தாண்டிப் போகும் கணுவைப் பார். "கணு தாண்டலன்னா கல்லு எவ்வளவு பெரிசா இருந்து என்ன பிரயோஜனம்?" என்பார்.

கடந்த நாலைந்து வருடங்களாகக் கவுண்டருக்கு வேறொரு வகை ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வருவார்கள், அளவு பார்ப்பார்கள், இரண்டு மோதிரம் போட்டுப் பார்ப்பார்கள், "யோசிச்சிட்டு வரோம்" என்று போவார்கள். வாசல் தாண்டும் முன்பே கைப்பேசியைத் திறந்து அதே மாதிரி மோதிரத்தை ஆன்லைனில் தேடுவது கண்ணாடி வழியே தெரியும். முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வரும். "அளவு இங்க, ஆர்டர் அங்க. இனிமே அளக்கறதுக்குக் காசு வாங்குக்கா" என்பார். விரலக்கா வாங்கியதில்லை. அதற்குப் பதிலாக வைரத்தைப் பற்றி கால் மணி நேரம் அறிவுரை சொல்லி அனுப்புவார். கல்லைக் கையில் போட்டு வெயிலில் பார்க்க வேண்டும், நிழலில் பார்க்க வேண்டும், படத்தைப் பார்த்து வாங்கினால் படம்தான் வரும் என்பது அதன் சாரம். தப்பித்தால் போதுமென்று ஓடுவார்கள்.

விரலக்காவின் ஒரே மகள் விளையாட்டு டீச்சர். வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. பள்ளிக்கு அருகிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவாள், துணிகளைத் துவைத்துக்கொள்வாள், தூங்குவாள், போய்விடுவாள். அதே பள்ளியின் கணக்கு வாத்தியாரைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது வீட்டில் ஒரு மறுப்பும் எழவில்லை. வாடகைக் கார் ஓட்டும் அப்பா மட்டும், "கணக்கு வாத்தியாரா? இனிமே மீட்டரைப் பாத்து ஓட்டணும் போலிருக்கு" என்றார்.

விரலக்காவுக்கு அன்றைக்கே ஒரு ஆசை முளைத்துவிட்டது. முளைத்தது என்ன, பல வருடமாக வேர்விட்டிருந்தது. மகள் தன் கவுண்டருக்கு வருவாள். எதிரே நாற்காலியில் உட்காருவாள். கடை மொத்தமும் எட்டிப் பார்க்க, தான் வளையக் கொத்தை எடுத்து அவள் விரலை அளப்பார். ஊரார் பெண்களுக்கெல்லாம் செய்ததைத் தன் பெண்ணுக்கு ஒரு முறை செய்ய வேண்டும். எந்த மோதிரம் என்பதுகூட முடிவாகியிருந்தது. இரண்டாவது இழுப்பறையின் ஓரத்தில் இருந்த ஒற்றைக்கல் மோதிரத்தை அவர் தினமும் ஒரு தடவை கூடுதலாகத் துடைப்பார். யாராவது அதைக் கேட்டால் "அது கொஞ்சம் பழைய டிசைனுங்க" என்று வேறொன்றை நகர்த்துவார். முதலாளிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம்.

"அத்தை, நீங்க தப்பா நினைக்கக் கூடாது."

இப்படித் தொடங்கும் பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை என்பது விரலக்காவின் அனுபவம். "சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார்.

"மோதிரம் ஆன்லைன்ல வாங்கலாம்னு இருக்கேன்."

பத்தொன்பது வருடம் கவுண்டரில் நின்றவருக்கு முகம் மாறாமல் பார்த்துக்கொள்ளத் தெரியும். "அதுக்கென்ன, நல்லதுதானே" என்றார். அடுப்பில் கொதித்த டீயைத் தேவைக்கு மேல் கிளறினார்.

மாப்பிள்ளை நோட்டை விரித்தார். அதில் நாற்பத்தொரு வைரங்கள் வரிசையாக இருந்தன. எடை, நிறம், சுத்தம், வெட்டு, விலை என்று கட்டம் கட்டி, வேண்டாதவற்றைப் பென்சிலால் அடித்திருந்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி வைரத்தைத் திருத்தியிருந்தார் மனிதர்.

"மூணு கடை ஏறி இறங்கினேன் அத்தை. எல்லாக் கடையிலயும் விளக்குக்கு நேரா காட்டி, 'சுத்தமான கல்லு சார்'னாங்க. எது கேட்டாலும் சுத்தமான கல்லுதான். ஆன்லைன்ல பாருங்க, கல்லுல ஒரு புள்ளி இருக்குன்னு அவங்களே பெரிசு பண்ணிக் காட்டறாங்க. குறையைச் சொல்லி விக்கறாங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது."

கைப்பேசியில் ஒரு வைரம் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் மிளகு போல ஒரு கரும்புள்ளி. வெறும் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது என்பது விரலக்காவுக்குத் தெரியும். சொல்லவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

"எங்க கடைக்கு ஒரு எட்டு வந்திருக்கலாமே?" என்று மட்டும், காற்றில் விடுவது போலக் கேட்டார்.

மாப்பிள்ளை நெளிந்தார். ஆனால் உண்மையைச் சொன்னார். "உங்க கடைக்கு வந்தா எனக்குப் பிடிக்கலன்னா வேணாம்னு சொல்ல முடியாது அத்தை. உங்களாலயும் இது சுமாரான கல்லுன்னு எங்கிட்ட சொல்ல முடியாது, முதலாளி பக்கத்துல இருப்பார். ரெண்டு பேருக்கும் சங்கடம்."

சொன்னது நியாயமாக இருந்தது. அதுதான் விரலக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அநியாயம் என்றால் கோபப்பட்டுத் தொலைக்கலாம்.

"அளவு மட்டும் நீங்க சொல்லணும். அவளுக்குத் தெரியக் கூடாது" என்றார் மாப்பிள்ளை.

"பதிமூணு."

"அளந்து பாக்காமலேவா?"

"பதிமூணுதான்."

"இல்ல அத்தை, அந்த இடது கை விரல்ல அவளுக்கு ஒரு…"

"மாப்பிள்ளை!" விரலக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "ஊர்ல இருக்கற விரலையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றவ நான். நான் பெத்த விரல் எனக்குத் தெரியாதா?"

நாற்பத்தொரு கல்லைச் சலித்து எடுத்த மனிதர், அந்த ஒரு எண்ணை மட்டும் சரிபார்க்காமல் நோட்டில் எழுதி, சுற்றி வட்டம் போட்டுக்கொண்டார்.

மூன்று வாரத்தில் மோதிரம் வந்தது. மாப்பிள்ளையே கொண்டுவந்து விரலக்காவிடம் கொடுத்தார். "உங்க முதலாளிகிட்ட ஒரு தடவை காட்டிடுங்க அத்தை. ஏமாந்திருந்தா இப்பவே தெரியட்டும்" என்றார். ஒற்றைக் கல், வளையத்தின் இரு தோள்களிலும் இறங்கும் பொடிக் கற்கள். ஆன்லைனில் வந்த சாமானைக் கடைக்குள் எடுத்துப் போவது விரலக்காவுக்கு எதிரி வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது. இருந்தாலும் கொண்டுபோனார்.

முதலாளி பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விளக்கடியில் பார்த்தார், வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்தார். குறை தேடிக் கிடைக்காத மாமியாரைப் போல முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"கல்லு நல்ல கல்லுதான்" என்றார் கடைசியில், யாரோ கட்டாயப்படுத்திய மாதிரி. "ஆனா யார் கையில இருந்து வந்ததுன்னு ஒரு முகம் வேணாமாக்கா? நாளைக்கு ஒரு கல்லு விழுந்தா யாரைப் போய்க் கேப்பாங்க?"

"போன் நம்பர் குடுத்திருக்காங்க முதலாளி."

"நம்பர் முகம் ஆகுமா? சரி, அளவு யார் சொன்னது?"

"நான்தான்."

"அப்ப அந்தக் கவலை இல்ல" என்று பெட்டியை மூடிக் கொடுத்தார்.

நிச்சயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெண் வீட்டுக் கூடத்தில் நடந்தது. பதினாலு பேர். பக்கத்து வீட்டில் நாலு நாற்காலி இரவல் வாங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் முக்கியமான ஆள் அவருடைய அக்கா. அம்மா இல்லாத தம்பியை வளர்த்தவர். தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் வேலை. எதையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கும் பழக்கம் அவருக்குக் கண்ணிலேயே இருந்தது. வந்ததும் கூடத்தை ஒரு பார்வையில் எடை போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை பெட்டியைத் திறந்தார். மகள் முகம் மலர்ந்துவிட்டது. "எப்ப வாங்கினீங்க? அழகா இருக்கு!" என்றாள். மாப்பிள்ளை அவள் இடது கையைப் பிடித்து மோதிரத்தை விரலில் ஏற்றினார்.

அது கணுவரை போய் நின்றது.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே லேசாகத் தள்ளினார். நின்றது. கொஞ்சம் திருப்பித் தள்ளினார். "மெதுவா" என்றாள் மகள். தோல் சுருண்டு மேலே திரண்டது. மோதிரம் அசையவில்லை. கைதட்டத் தூக்கிய கைகளை எல்லோரும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள். "சோப்பு கொண்டுவரவா?" என்றார் அப்பா. கொண்டுவந்து தடவியும் பார்த்தார்கள். விரல் வழுக்கியது, மோதிரம் வழுக்கவில்லை.

"அளவு யார் குடுத்தது?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அக்கா.

அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பெண்ணின் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்பது தெரியும். பதினாலு தலையும் ஒரே பக்கம் திரும்பியது. விரலக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான்க்கா" என்றார் மாப்பிள்ளை. "அத்தை சரியாத்தான் சொன்னாங்க. ஆர்டர் போடறப்ப நான்தான் நம்பரை மாத்திப் போட்டுட்டேன்."

"நீயா? மளிகைக் கடை பில்லையே மூணு தடவை கூட்டிப் பாக்கறவன் நீ" என்றார் அக்கா. ஆனால் அதற்கு மேல் தம்பியைக் கேட்கவில்லை.

மகள்தான் நிலைமையைச் சமாளித்தாள். மோதிரத்தை வாங்கிச் சுண்டுவிரலில் போட்டுக்கொண்டாள். "இங்க கச்சிதமா இருக்கு பாருங்க. சுண்டுவிரலும் நம்ம விரல்தானே?" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். கேக் வெட்டினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது போலத்தான் இருந்தது, அந்த அக்கா பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து பேசும் வரை. மெதுவாகப் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டார். பார்சல் கவுண்டர் குரல், மெதுவாகப் பேச வராது.

"கடையில வாங்கலன்னு அந்தம்மாவுக்கு மனசுல இருந்திருக்கும்ல? அவங்க வேலையே அதுதான். தெரியாம தப்பு வருமா?"

விரலக்கா கேக் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். சொன்னவர் மேல் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தான் இருந்திருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார். அவர் பார்த்தது மகளை. மகளும் அதைக் கேட்டுவிட்டாள். கேட்டவள் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தட்டை வைத்துவிட்டு விரலக்கா சமையலறைக்குப் போனார். உள்ளே போய் நின்றபோது ஒன்று நினைவுக்கு வந்து சுட்டது. மோதிரம் கணுவில் நின்ற அந்த நொடியில், பயம் வருவதற்கு முன்னால், உள்ளே ஒரு சின்னத் திருப்தி எட்டிப் பார்த்தது. 'பார்த்தீர்களா, கடையில் வாங்கியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா' என்று. கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் வந்தது, அதை அவர் மறைக்க முடியாது. பதிமூன்று என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. அது சத்தியம். அப்படியானால் தப்பு எங்கிருந்து வந்தது?

மகள் பின்னாலேயே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"அம்மா, தெரிஞ்சேதான் சொன்னியா?"

கத்தியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகக் கேட்டாள், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல. பதில் ஆம் என்று வந்தாலும் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று தோன்றியது. அதுதான் விரலக்காவைப் பயமுறுத்தியது.

மகளின் இடது கையைப் பிடித்து, கட்டை விரலால் அந்தக் கணுவைத் தொட்டார். பத்தொன்பது வருடமாக ஊர் விரல்களைப் படித்த கட்டை விரல் உடனே படித்துவிட்டது. பதினாறு. கணு ஒரு பக்கம் வேர்க்கடலை போலப் புடைத்து, கொஞ்சம் கோணலாகவும் இருந்தது.

"இது என்னடி?"

"வாலிபால். பந்து நேரா விரல் நுனியில வந்து இடிச்சது. மூட்டு விலகிடுச்சு. ஆறு வாரம் கட்டு போட்டிருந்தாங்க."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணினேன். நீ கடையில இருந்தே, ஒரே கூட்டம்னே. 'ஐஸ் வெச்சுக்கோ, சாயங்காலம் பேசறேன்'னு சொன்னே. சாயங்காலம் பேசினப்ப அன்னிக்கு வந்த கஸ்டமர் ஒருத்தர் சோப்புல விரல் அச்சு எடுத்துட்டு வந்த கதையைச் சொன்னே. நான் சிரிச்சேன்."

விரலக்காவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. சோப்பு ஞாபகம் இருந்தது, போன் ஞாபகம் இல்லை.

"கட்டுப் பிரிச்சதுக்கப்புறம் வீட்டுக்கு வந்தேன். எதிர்ல உக்காந்து சாப்பிட்டேன். நீ பாப்பேன்னு நினைச்சேன். எல்லார் கையையும் பாக்கறவதானே? நீ பாக்கல. சரி, விட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போனது?"

"அவர்தான். மைதானத்துக்குப் பக்கத்து வகுப்புல இருந்து ஓடி வந்தாரு. அன்னிக்குத்தான் முதல் தடவையா பேசினோம்."

அந்த இடது கை விரல்ல அவளுக்கு ஒரு… என்று மாப்பிள்ளை தொடங்கியது விரலக்காவின் காதில் இப்போது முழுதாகக் கேட்டது. மிச்சத்தைச் சொல்ல விடாமல் கரண்டியைக் கீழே வைத்தது யார்? அதே மனிதர்தான் சற்று முன் கூடத்தில் அவருக்காகப் பொய் சொல்லி, தன் அக்காவிடம் பேச்சு வாங்கிக்கொண்டார். விரலக்காவுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட வெட்கம் பெரிதாக வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊரார் ஆறுதல் சொல்லலாம். யானை சொந்தக் குட்டியின் மேலேயே சறுக்கி விழுந்தால் என்ன சொல்வது?

"தெரிஞ்சு சொல்லலடி" என்றார். "அளக்காம சொன்னேன். தெரியும்னு நினைச்சுச் சொன்னேன். தெரியல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். மோதிரம் நின்னப்ப ஒரு நொடி எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாவும் இருந்துச்சு. அதை மறைச்சா அப்புறம் நான் சொன்னது எதையும் நீ நம்ப வேணாம்."

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது" என்றாள்.

விரலக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணியில் தொங்கிய கைப்பையை எடுத்தார். அளவு வளையக் கொத்து எப்போதும் அதற்குள்தான் இருக்கும். மகளின் கையை விடாமல் கூடத்துக்கு அழைத்து வந்தார்.

மேஜையில் மாப்பிள்ளையும் அவர் அக்காவும் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மோதிரத்தைத் திருப்பி அனுப்பி, அளவை மாற்றி வாங்க ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது.

"அளவு என்ன போடணும்னு தெரியல அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"தெரிஞ்சிடும்" என்று விரலக்கா மகளை நாற்காலியில் உட்கார வைத்தார். தான் எதிரே உட்கார்ந்தார். கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பதினைந்தை ஏற்றிப் பார்த்தார், கணுவில் நின்றது. பதினாறு கொஞ்சம் தயங்கி, தாண்டி, உட்கார்ந்தது. கழற்றி இரண்டாவது முறை போட்டார். விரலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். பதினேழைப் போட்டுக் கையை உதறச் சொன்னார், அது கழன்று மேஜையில் உருண்டது. மூன்றாவது முறையும் பதினாறைப் போட்டுப் பார்த்தார். கடையில் யாருக்கும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"பதினாறு" என்றார். "காரணம்னு கேட்டிருப்பாங்களே, என்ன போட்டீங்க?"

மாப்பிள்ளை தயங்கினார். "'வாங்கினவர் அளவைத் தவறாகக் குறித்தார்'னு ஒண்ணு இருக்கு. அதைத் தொட்டிருக்கேன்."

"அதை எடுங்க. வேற என்னென்ன இருக்கு?"

"படத்துல இருந்த மாதிரி இல்ல. பிடிக்கல. சேதமா வந்தது. வேறு காரணம்."

"வேறு காரணத்தைத் தொடுங்க. எழுத இடம் வருதா? எழுதுங்க. பெண்ணின் அம்மா அளக்காமல் சொன்னார்."

"அத்தை, கம்பெனிக்காரங்க இதையெல்லாம் படிக்க மாட்டாங்க."

"அவங்க படிக்க வேணாம். இங்க இருக்கறவங்க காதுல விழுந்தாப் போதும்." விரலக்கா அந்த அக்காவின் பக்கம் திரும்பினார். "அளவு சொன்னது நான்தாங்க. உங்க தம்பி மாத்திப் போடல. என்னைக் காப்பாத்தறதுக்காக அப்படிச் சொன்னாரு. என் பொண்ணுக்கு விரல்ல அடிபட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, எனக்குத் தெரியல. நடந்தது இதுதான்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்து ஒவ்வொரு எழுத்தாக அதை எழுதினார்.

"பெண்ணின் அம்மா என்ன வேலை பாக்கறாங்கன்னு எழுதணுமா?" என்றார் அப்பா மூலையில் இருந்து. முதலில் மகள் சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. விரலக்காவும்தான்.

அந்த அக்கா மட்டும் கொஞ்ச நேரம் விரலக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன எடை என்று பார்க்கிற அதே பார்வை. பிறகு மேஜைக்கு மேலே கையை நீட்டினார்.

"சரிம்மா, கையைப் பிடிச்சா நம்பர் சொல்லிடுவீங்களாமே. எனக்கு என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்."

சண்டையை முடித்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அதுவாக இருந்திருக்கும். விரலக்கா அந்தக் கையை வாங்கிக்கொண்டார். ரப்பர் முத்திரையும் பசையும் பட்டுப் பட்டுக் காய்த்த கை. பதினெட்டு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அளந்துதாங்க சொல்லணும்" என்றார் விரலக்கா.

வளையக் கொத்தை எடுத்து, பதினாறிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பதினேழு கணுவில் நின்றது. பதினெட்டு சரியாக உட்கார்ந்தது. "பதினெட்டு" என்றார், இப்போதுதான் தெரிந்துகொண்டவர் போல.

மகள் எழுந்து வந்து பின்னாலிருந்து அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"தெரிஞ்சேதானே அளந்தே?"

"தெரிஞ்சேதான்டி" என்றார் விரலக்கா.